எல்லாருக்கும் மூச்சு 20 என்று எழுதலாமா?

முதல் வருஷம் நர்சிங் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வார்டு போஸ்டிங்கில் காலை வைட்டல்ஸ், அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி அளவுகளை எடுக்கச் சொல்கிறார்களாம். சார்ட்டைப் புரட்டினால் எல்லாப் பேஷண்டுக்கும் மூச்சு நிமிஷத்துக்கு 20 என்றே இருக்கிறது, ஸ்டாஃப் அக்காவும் "அப்படியே போட்டுடு" என்கிறார், இவரும் போட்டுவிட்டார். எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிறகு மேடம் வந்து "அந்த பேஷண்ட் எப்படி இருக்கார்?" என்று கேட்டால் மட்டும் வாயில் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் அசெஸ்மென்ட், அதாவது பேஷண்டின் நிலையைக் கணிப்பது, என்று உண்மையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அந்த 20-ஐ நானும் போட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் வருஷம், நைட் டூட்டி முடிகிற நேரம், 34 பெட்டுக்கு இரண்டே பேர், ஆறு மணி வைட்டல்ஸை ஏழரைக்குள் முடித்து ஹேண்ட்ஓவர் கொடுக்க வேண்டும். தெர்மாமீட்டரும் பிபி மெஷினும் ஒரு எண்ணைக் காட்டும், பார்த்து எழுதிக்கொள்ளலாம். மூச்சுக்கு அப்படி ஒரு மெஷின் ஜெனரல் வார்டில் கிடையாது, நாம்தான் நின்று எண்ண வேண்டும், நிற்க நேரமில்லாத இடத்தில் முதலில் அடிபடுவது அதுதான். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாளில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் 20 போட்டேன். ஹேண்ட்ஓவரில் சீனியர் சிஸ்டர் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, சார்ட்டைப் பார்த்து, அவரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "இவருக்கா 20?" என்றார். எண்ணினால் 34. காய்ச்சல் பெரிதாக இல்லை, பிபி நன்றாக இருந்தது, ஆனால் நிமோனியா. பிழைத்துக்கொண்டார். நான் எழுதிய அந்த 20-க்கு மேலே சீனியர் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் 34 என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

அதனால் பதிலை மூச்சிலிருந்தே தொடங்குகிறேன், ஆனால் அதற்கும் முன்னால் ஒரு அரை நிமிஷம் இருக்கிறது.

கையில் எந்த மெஷினையும் எடுக்காமல் படுக்கையின் கால்மாட்டில் நின்று பாருங்கள். எப்படிப் படுத்திருக்கிறார்? மல்லாந்து நிம்மதியாகவா, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டா? வயிற்றுக்குள் தொற்று பரவியவர் அசையாமல் கிடப்பார், சிறுநீரகக் கல் வலிக்காரர் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் புரளுவார். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் மறக்காது. முகத்தில் வியர்வை இருக்கிறதா, ஃபேன் ஓடும்போதும்? உதடு என்ன நிறம்? நம் மாநிறத்திலும் கறுப்பிலும் தோலின் நிறத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது, உதட்டின் உட்புறம், நாக்கு, கண்ணின் கீழ்இமை, உள்ளங்கை, இவற்றைப் பாருங்கள். அப்புறம் பக்கத்தில் போய் "என்னங்கய்யா, ராத்திரி தூங்கினீங்களா? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். இது குசலம் விசாரிப்பு மாதிரி தெரியும், ஆனால் இந்த ஒரு கேள்விக்குள் பாதி அசெஸ்மென்ட் முடிந்துவிடுகிறது. பதில் தெளிவாக வந்தால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொன்னால் நல்லது, "ரெண்டு... இட்லி... சாப்..." என்று வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினால் நீங்கள் சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) பார்ப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. நேற்று வரை பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பாட்டி இன்று உங்களைத் தன் தங்கச்சி என்று நினைத்துப் பேசினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்த குழப்பம் எப்போதுமே ஒரு அறிகுறி. தொற்று ரத்தத்தில் ஏறியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். நினைவில் மாற்றம் என்றால் யாரையும் கேட்காமல் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள், 70-க்குக் கீழே இருந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

நினைவை அளக்க கிளாஸ்கோ கோமா ஸ்கேல் பாடத்தில் வரும். கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் 1974-ல் வெளியிட்டது, இப்போது கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. இதில் எல்லாரும் செய்கிற பிழை, மொத்தத்தை மட்டும் எழுதுவது. வெறும் 10 என்று எழுதினால் அடுத்த டூட்டிக்காரருக்கு எது குறைந்தது என்று தெரியாது. பிரித்து எழுதுங்கள். ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பவருக்கும் குறைந்தது 3 வரும், பூஜ்யம் கிடையாது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

இப்போது மூச்சு. பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20. "நான் உங்க மூச்சை எண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டால் காரியம் கெட்டது, உடனே அவர் மூச்சைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், கண்ணை வாட்சில் வைத்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை உங்கள் கை வழியாகவே எண்ணலாம். ஒரு முழு நிமிஷம். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் 16, 20, 24 மட்டுமே வரும், 17-ம் 22-ம் உங்கள் வார்டில் பிறக்கவே பிறக்காது. ஒரு மூச்சு விட்டுப்போனால் நாலு குறையும். சார்ட் முழுக்க 20 நிறைந்திருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன், மற்ற காரணம் நாம் எண்ணாதது.

ஏன் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், உடம்பில் எங்கே கோளாறு வந்தாலும் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். நுரையீரல் நோய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரத்தம் குறைந்தாலும், தொற்று ஏறினாலும், சிறுநீரகம் செயலிழந்தாலும், சர்க்கரை முற்றி கீட்டோன் சேர்ந்தாலும் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது, அதை வெளியேற்ற உடம்புக்குக் கையில் உள்ள சட்டென்ற வழி கரியமில வாயுவை வேகமாக வெளியே தள்ளுவது. பிபி விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு 24, 26 என்று ஏறியிருக்கும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ் ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது, பேஷண்ட் மோசமாவதை முன்கூட்டியே காட்ட ஒவ்வொரு அளவுக்கும் மதிப்பெண் போடும் முறை, இங்கேயும் பல தனியார் ஆஸ்பத்திரி சார்ட்டுகளில் வந்துவிட்டது. அதில் 12 முதல் 20 வரை பூஜ்யம், 21 முதல் 24 வரை 2 மதிப்பெண், 25-ஐத் தொட்டாலே 3. ஒரே ஒரு அளவுக்குத் தனியாக 3 வந்தாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும், மொத்தம் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் எமர்ஜென்சி. அந்தப் பெரியவருக்கு நான் எழுதிய 20-க்கு பூஜ்யம், உண்மையான 34-க்கு 3. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் அவர் படுக்கையில் அது ஒரு ராத்திரி.

குறைவதையும் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின், ட்ரமடால் மாதிரி வலி மருந்து போனவர் "நல்லா தூங்கறார்" என்று அட்டெண்டர் சொல்லும்போது ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 8, 9 என்றால் அது தூக்கம் இல்லை. எண்ணிக்கையோடு மூச்சு விடும் விதத்தையும் கவனிக்க வேண்டும், கழுத்துத் தசை இழுக்கிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே உள்வாங்குகிறதா, குழந்தையாக இருந்தால் மூக்கு விடைக்கிறதா. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இரண்டு மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேக மூச்சு. அழுகிற குழந்தையிடம் எண்ணி எழுதாதீர்கள், தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை லேசாகத் தூக்கிவிட்டு எண்ணுங்கள்.

இன்னொன்று, கிராமப்பக்க ஆஸ்பத்திரியில் போஸ்டிங் வந்தால் பயன்படும். கட்டுவிரியன் கடித்தவரிடம் கடிவாயில் வீக்கமே இருக்காது, பல்ஸ், பிபி, சாச்சுரேஷன் எல்லாம் ஜோராக இருக்கும், ஆனால் கண் இமை மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சுத் தசை சோர்வதைச் சாச்சுரேஷன் மிகத் தாமதமாகத்தான் காட்டும். அதனால் ஒரு நீள மூச்சை இழுக்கச் சொல்லி, அதே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்வோம். முதல் தடவை 30 வரை போனவர் ஒரு மணி நேரம் கழித்து 18-ல் நின்றால், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த மெஷினும் தேவைப்படாத, காசு செலவில்லாத பரிசோதனை.

நாடிக்கு வருவோம். மானிட்டரில் எண் ஓடுகிறது, பல்ஸ் ஆக்ஸிமீட்டரிலும் வருகிறது, அப்புறம் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எண் மட்டும்தான் மெஷினில் வரும். நாடி நிறைந்து அடிக்கிறதா நூல் மாதிரி இருக்கிறதா, சீராக வருகிறதா நொண்டுகிறதா, மணிக்கட்டு சூடாக இருக்கிறதா சில்லென்று வியர்த்திருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் மூன்று விரலுக்குத்தான் தெரியும். கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். 60 முதல் 100 வரை நார்மல். சீராக இருந்தால் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கலாம், ஒரு துடிப்பு தப்பினாலும் முழு நிமிஷம் எண்ண வேண்டும். தாறுமாறாக அடித்தால் நெஞ்சில் ஸ்டெத் வைத்து அங்கேயும் எண்ணுங்கள், ஒருவர் நெஞ்சில் ஒருவர் மணிக்கட்டில் ஒரே நேரத்தில் எண்ணினால் இன்னும் நல்லது. நெஞ்சில் 130, கையில் 96 என்று வந்தால் இதயம் அடிக்கிற எல்லா அடியும் கைக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். காய்ச்சலில் நாடியும் ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் பத்து. காய்ச்சல் 103 ஃபாரன்ஹீட் இருந்தும் நாடி 80-லேயே நின்றால் டைஃபாய்டு ஞாபகத்துக்கு வர வேண்டும். அதேபோல் கேஸ் ஷீட்டில் மெட்டோப்ரோலால், அட்டினலால் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் கொட்டினால்கூட நாடி ஏறாமல் இருக்கலாம்.

பிபியில்தான் நாம் அதிகமாக ஏமாறுகிறோம், ஏனென்றால் எல்லாருக்கும் அது தெரியும் என்ற நம்பிக்கை. கையைச் சுற்றிப் பட்டையைக் கட்டிக் காற்றடித்து அளப்பதை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார், ஆனால் அவர் நாடி மறையும் இடத்தை விரலால் பார்த்ததால் மேல் அளவு மட்டும்தான் கிடைத்தது. 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் பட்டைக்குக் கீழே ஸ்டெத்தை வைத்துச் சத்தம் வருவதையும் மறைவதையும் கேட்ட பிறகுதான் கீழ் அளவும் வந்தது. நாம் இன்றும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறோம். ஆனால் விரலை விட்டுவிடாதீர்கள். முதலில் நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி மறைகிற இடத்திலிருந்து 20, 30 மேலே ஏற்றி, அப்புறம் ஸ்டெத் வைத்து விநாடிக்கு 2, 3 புள்ளியாக மெல்ல இறக்குங்கள். சிலருக்குச் சத்தம் நடுவில் கொஞ்ச தூரம் காணாமல் போய்த் திரும்பி வரும். விரலால் பார்க்காதவர் அந்த இடைவெளிக்குக் கீழே கேட்கும் சத்தத்தை முதல் சத்தம் என்று எழுதி, 190-ஐ 150 ஆக்கிவிடுவார்.

பட்டையின் அளவு அடுத்தது. உள்ளே இருக்கும் ரப்பர் பை கையைச் சுற்றி 80 சதவீதமாவது வர வேண்டும், அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதம். பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிபி வரும், ஒல்லியான பாட்டியின் கையில் பெரிய பட்டையைக் கட்டினால் இருக்கிற பிபி குறைந்து காட்டும். வார்டுக்கு ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது என்பது தெரியும், அப்படியானால் "சின்ன கஃப்பில் எடுத்தது" என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள். புடவை ஜாக்கெட்டின் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டு மாதிரி இறுக்கும், அதைவிட மெல்லிய துணிக்கு மேலேயே கட்டலாம், முடிந்தால் கையை வெளியே எடுக்கச் சொல்வது இன்னும் சரி. ஐந்து நிமிஷமாவது உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில், வாயை மூடிக்கொண்டு. நீங்களும்தான். அவருடைய மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே எடுத்தால் ஏறித்தான் காட்டும். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையிலும், மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் கணுக்கள் எடுத்த பக்கத்துக் கையிலும், ட்ரிப்ஸ் ஓடுகிற கையிலும் எடுக்கக் கூடாது. தலை சுற்றுகிறது, எழுந்தால் விழப்பார்க்கிறேன் என்பவருக்குப் படுக்கவைத்து ஒன்று, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒன்று எடுங்கள், மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது ஒரு கோளாறு. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நார்மலாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால் ஆள் போய்க்கொண்டிருப்பார்.

ஒரு மழைக்கால டெங்கு சமயம், 19 வயதுப் பையன், காய்ச்சலின் ஐந்தாவது நாள். அன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, "சிஸ்டர், ஜுரம் விட்டுடுச்சு, இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டார். என்னோடு இருந்த மாணவி எழுதியிருந்தது டெம்பரேச்சர் 98.2, நாடி 118, பிபி 100/84. கேட்டதற்கு "பிபி நூறு இருக்கு சிஸ்டர், பரவாயில்லை" என்றாள். பையன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கூப்பிட்டால் "ம்" என்றான், முந்தின நாள் போனை விடாமல் வைத்திருந்தவன். கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி. விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், நாலு எண்ணும்வரை வெளிறியே இருந்தது. கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று அம்மாவைக் கேட்டால், "நேத்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி" என்றார்.

100-லிருந்து 84-ஐக் கழித்துப் பாருங்கள், 16. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, உடம்பு மிச்சமிருப்பதை வைத்துச் சமாளிக்க எல்லாக் குழாயையும் இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் கீழ் அளவு மேலே ஏறி மேல் அளவை நெருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 20 அல்லது அதற்கும் குறைவு என்றால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை, மேல் அளவு 100 இருந்தாலும் சரி, 110 இருந்தாலும் சரி. மேல் அளவு சரிவதற்காகக் காத்திருந்தால், இளம் வயதுக்காரர்களிடம் அது கடைசி நிமிஷம் வரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாக விழும். டூட்டி டாக்டர் வந்து ஃப்ளூயிட் ஓடவிட்டு, அன்று பகல் முழுக்க கால் மணிக்கு ஒரு தடவை நாடியும் பிபியும் பார்த்தோம். சாயங்காலம் 110/76, கை சூடு வந்தது, சிறுநீர் போனான், போனைக் கேட்டான். அந்த மாணவிக்கு நான் சொன்னது, நீ எழுதின மூன்று எண்ணிலும் தப்பே இல்லை, நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய், ஆனால் அவன் கையை ஒரு தடவை பிடித்துப் பார்த்தாயா என்பதுதான்.

நாடியையும் பிபியையும் சேர்த்துப் பார்க்க இன்னொரு சுலபமான வழி, நாடியை மேல் அளவால் வகுப்பது. ஷாக் இண்டெக்ஸ் என்பார்கள், சாதாரணமாக 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 0.9-ஐத் தாண்டினால் கவனம். கால்குலேட்டர் வேண்டாம், நாடி எண் பிபியின் மேல் எண்ணை எட்டிப்பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும். பிரசவ வார்டில் இதை மறக்கவே கூடாது, குழந்தை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தாலும் பிபி வெகுநேரம் காட்டிக்கொடுக்காது, நாடிதான் முதலில் ஓடும்.

டெம்பரேச்சரைச் சுருக்கமாக முடிக்கிறேன். அக்குளில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிடச் சுமார் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக வரும், எங்கே எடுத்தது என்று எழுதுங்கள், நீங்களாகவே ஒரு டிகிரி கூட்டி எழுதாதீர்கள். அக்குளை முதலில் துடைத்து உலர்த்த வேண்டும், வியர்வை இருந்தால் குறைத்துக் காட்டும். காபி குடித்து முடித்த வாயில் உடனே வைக்கக் கூடாது, கால் மணி நேரமாவது போகட்டும். 98.6 என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை, வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1868-ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து வந்த சராசரி, காலையில் குறைந்தும் சாயங்காலம் கூடியும் இருக்கும். வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம், உடம்பு குளிர்ந்துகூடப் போகலாம், அது காய்ச்சலைவிட மோசம். பச்சைக்குழந்தைக்கு 36.5 முதல் 37.5 செல்சியஸ், பாதம் சில்லென்று இருந்தால் தெர்மாமீட்டருக்குக் காத்திருக்காமல் தாயின் மார்போடு சேர்த்து அணைக்கக் கொடுங்கள்.

சாச்சுரேஷன் மெஷின் கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நிஹான் கோடன் என்ற ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்த்த தகுவோ அயோயாகி 1974-ல் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார், 2020 ஏப்ரலில், உலகமே அந்தச் சின்னக் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில், இறந்துபோனார். கருவி நல்லதுதான், ஆனால் கை குளிர்ந்திருந்தாலும், நகத்தில் கருநிறப் பாலிஷ் இருந்தாலும், பேஷண்ட் நடுங்கினாலும், பிபி கட்டிய அதே கையில் மாட்டினாலும் தவறாகக் காட்டும். திரையில் அலை ஒழுங்காக ஏறி இறங்குகிறதா, அதில் வருகிற நாடியும் நீங்கள் விரலால் எண்ணிய நாடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு எண்ணை நம்புங்கள். மூடிய அறையில் புகையில் சிக்கியவருக்கு 99 காட்டும், ஏனென்றால் கார்பன் மோனாக்சைடையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்கிறது. கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் இப்போது தெரிந்த விஷயம், நமக்கு இது மிக முக்கியம். வெறும் 96 என்று எழுதாதீர்கள். வெளிக்காற்றில் 96-ஆ, மாஸ்க்கில் 6 லிட்டர் ஓடும்போது 96-ஆ? இரண்டும் வேறு வேறு ஆள். பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் கெட்ட சிலருக்கு டாக்டர் 88 முதல் 92 வரை போதும் என்று எழுதியிருப்பார், அவரிடம் போய் 98 ஆக்குகிறேன் என்று ஆக்சிஜனைத் திருகிவிட்டால் கரியமில வாயு சேர்ந்து மயங்கிவிடக்கூடும்.

வலியையும் சிறுநீரையும் பலர் வைட்டல்ஸில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் எண் சொல்லமாட்டார்கள், "உயிர் போகுதும்மா" என்பார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். "நேத்து ஒரு ரூபா வலின்னா இன்னிக்கு எத்தனை காசு?" என்று நான் கேட்பேன், உடனே "முக்கா ரூபா இருக்கும்" என்று பதில் வரும். சிறுநீர் பெரியவர்களுக்கு மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லி, 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. யூரின் பேக் காலியாகவே இருந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பயப்படலாம்.

எடுத்த எண்ணை முந்தின எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள். எப்போதும் 160 இருக்கிறவருக்கு 110 என்பது நார்மல் இல்லை. மாறியிருந்தால் உங்கள் கையாலேயே இன்னொரு தடவை எடுங்கள், அப்படியும் அதே வந்தால் ஸ்டாஃபிடம் சொல்லுங்கள், சொன்ன நேரத்தையும் எழுதுங்கள். ராத்திரி டாக்டருக்குப் போன் போடும்போது "சார், 12-ம் பெட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் "சரி, பாத்துக்கோங்க" என்றுதான் வரும். "சார், 12-ம் பெட், 58 வயசு, நேத்து பித்தப்பை ஆபரேஷன். ராத்திரி பத்து மணிக்கு மூச்சு 18, நாடி 88, இப்ப மூச்சு 28, நாடி 116, பிபி 104/60, சாயங்காலம் 136 இருந்தது. வெளிக்காற்றில் சாச்சுரேஷன் 92. கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசறார். நாலு மணி நேரமா யூரின் 40 மில்லிதான். நீங்க வந்து பாக்கணும் சார்" என்று சொல்லிப் பாருங்கள், போனை வைப்பதற்குள் படியிறங்குகிற சத்தம் கேட்கும்.

மேடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றால், இதே மாதிரிதான், இன்னும் சின்னதாக. "மேடம், நேத்தைவிடத் தெளிவா பேசறார், எழுந்து உட்கார்ந்து ரெண்டு இட்லி சாப்பிட்டார், ஆனா இன்னும் மூச்சு 23 இருக்கு, வலது பக்கம் படுத்தா இருமறார்." இதைச் சொல்ல நீங்கள் அவரோடு மூன்று நிமிஷம் நின்றிருந்தாலே போதும். ஸ்டாஃப் அக்கா 20 போடச் சொன்னால் சண்டை போட வேண்டாம், "சரிக்கா" என்று சொல்லிவிட்டு எண்ணிய எண்ணையே எழுதுங்கள், நாலு நாளில் அவரே "இந்தப் பெட்டுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று உங்களைக் கேட்பார். அப்புறம், விநாடி முள் உள்ள ஒரு சாதாரண வாட்ச் வாங்கிக்கொள்ளுங்கள். வார்டில் போனை எடுக்க விடமாட்டார்கள், சுவர்க் கடிகாரம் எப்போதும் பேஷண்டுக்குப் பின்னாடிதான் மாட்டியிருக்கும்.